47 விநாடிகள்

என் கைபேசியில் 47 விநாடி ஓடக்கூடிய ஒரு காணொளி இருக்கிறது. மகளுக்குப் பதினோரு வாரம் ஆகியிருந்த ஒரு காலையில் கணவர் எடுத்தது. நான் குழந்தைக்கு உடை மாற்றுகிறேன். அதைத் தவிர அதில் வேறொன்றும் நடக்கவில்லை. யாரிடம் காட்டினாலும் ஒரு புன்னகையோடு பார்த்துவிட்டுத் தம் வேலையைக் கவனிக்கப் போய்விடுவார்கள். நானோ அதைப் பல மாதங்கள் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மெத்தையில் மல்லாந்து கிடக்கும் மகள் என் முகத்தைப் பார்க்கிறாள். புருவம் உயர்கிறது, உதடு குவிகிறது, இரண்டு கால்களும் ஒருசேர எழுந்து விழுகின்றன. ‘ங்ஊ’ என்று ஒரு ஒலி எழுப்பிவிட்டு நிறுத்துகிறாள். நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாள். நான் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சிறிது நேரத்தில் மறுபடியும் ‘ங்ஊ’ என்கிறாள், இந்த முறை கொஞ்சம் உரக்க. நான் அடுத்த பொத்தானுக்குப் போகிறேன். மூன்றாவது முறை அந்த ஒலி சிறுத்துவிடுகிறது. சிரிப்புக்காகத் திரண்டு வந்த கன்னம் தளர்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னல் வெளிச்சத்தைப் பார்க்கத் தொடங்குகிறாள். அப்போதுதான் நான் நிமிர்கிறேன். “என்னம்மா?” என்கிறேன். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரே மட்டத்தில் போகிற குரல். அவள் திரும்பவில்லை. அதற்கு மேல் பார்க்க முடியாமல் அந்த இடத்திலேயே நான் நிறுத்திவிடுவேன்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலும் அழுகை, தூக்கமின்மை, பசியின்மை, குற்றவுணர்வு என்று தாயின் அறிகுறிகளே வரிசையாக இருக்கும். அவை எல்லாம் எனக்கும் இருந்தன. ஆனால், இந்த நோய் தாய் ஒருத்திக்குள் மட்டும் நடந்து முடிவதில்லை என்பதையும், தாய்க்கும் சேய்க்கும் இடையே பேச்சு வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கும் உரையாடலில் அது எப்படிக் குறுக்கே நிற்கிறது என்பதையும் யாராவது முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தால், என் மகளின் முதல் ஐந்து மாதங்களை நான் வேறு விதமாகக் கழித்திருப்பேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு என்னிடம் ஒரு குறையும் தெரிந்திருக்காது. வேளை தவறாமல் பால் கொடுத்தேன். தடுப்பூசித் தேதி ஒன்றைக்கூட மறக்கவில்லை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, எடை பார்ப்பது எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைப் புரட்டிப் பார்த்த என் அம்மாவே, “நான் உன்னை இவ்வளவு கவனமாக வளர்க்கவில்லை” என்றார். குறிப்பேட்டில் எழுத முடியாத ஒன்றில்தான் குறை இருந்தது. குழந்தை ஒன்றைச் சொல்லி முடிப்பதற்கும் நான் அதற்குப் பதில் காட்டுவதற்கும் இடையே இருக்க வேண்டிய அந்தச் சிறிய அவகாசம் நீண்டுகொண்டே போயிற்று. பல வேளைகளில் பதிலே இல்லாமல் போயிற்று.

‘பச்சைக் குழந்தைக்கு என்ன தெரியும்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நிறையவே தெரியும். பிறந்த குழந்தையின் கண்ணுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடத்திப் பால் கொடுக்கும்போது தாயின் முகம் இருக்கும் தொலைவும் ஏறத்தாழ அதுவே. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் வேறொரு பெண்ணின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்பதற்காகச் சூப்பும் வேகத்தையே மாற்றிக்கொள்கின்றன என்பதை டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் 1980-இல் காட்டினார்கள். ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குள் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறது. அப்போதிலிருந்து தொடங்குவது உண்மையாகவே ஓர் உரையாடல்தான்: ஒருவர் சொல்வது, நிறுத்துவது, மற்றவர் சொல்லக் காத்திருப்பது, அதைக் கேட்டு மறுபடி சொல்வது.

குழந்தைக்கு முகமும் குரலும் மட்டும் போதும் என்றால், அவற்றைப் பதிவு செய்து போட்டுக் காட்டினாலே போதுமே என்று தோன்றலாம். லின் மரே, கோல்வின் ட்ரெவார்தன் ஆகிய இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய அதைத்தான் செய்து பார்த்தார்கள். தாயையும் இரண்டு மாதக் குழந்தையையும் தனித்தனி அறைகளில் அமர்த்தி, ஒருவர் முகம் மற்றவருக்குத் திரையில் நேரடியாகத் தெரியும்படி செய்தார்கள். இருவரும் மகிழ்ச்சியாகக் கொஞ்சிக்கொண்டார்கள். பிறகு, அதே தாய் சற்று முன்பு கொஞ்சிய காட்சியின் பதிவையே குழந்தைக்குப் போட்டுக் காட்டினார்கள். அதே சிரிப்பு, அதே குரல், அதே அன்பு. ஆனால் குழந்தை செய்வதற்கும் அதற்கும் இப்போது தொடர்பில்லை. குழந்தைகள் குழம்பின, முகத்தைத் திருப்பிக்கொண்டன, சிணுங்கின. இதைத் திரும்பச் செய்து பார்த்த பிற்கால ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும், குழந்தை தேடுவது சிரித்த முகத்தை மட்டுமல்ல, தனக்கு விடையாக வருகிற முகத்தை என்ற எண்ணத்தை அதற்குப் பிறகு என்னால் விட முடியவில்லை.

மனச்சோர்வு கை வைப்பது சரியாக அந்த விடையின்மீதுதான்.

அது எப்படி நடக்கிறது என்பதை உள்ளேயிருந்து சொல்கிறேன். குழந்தை ஒலி எழுப்புவது காதில் விழும். அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அந்த அறிதலுக்கும் முகத்தசைக்கும் இடையே ஈரமான கனத்த துணியொன்றைப் போர்த்தி வைத்தது போல இருக்கும். புருவத்தை உயர்த்துவது ஒரு வேலையாக, குரலை இனிமையாக்குவது இன்னொரு வேலையாக, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும். அதற்குள் குழந்தை காத்திருந்து முடித்துவிடும். இன்னொரு பக்கம், மனத்துக்குள் ஒரே எண்ணம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும்: ‘இவளுக்கு நான் தகுதியில்லாதவள்.’ அந்த எண்ணத்தின் இரைச்சலில் எதிரே கிடக்கும் குழந்தையின் முகமே மங்கலாகிவிடும். குழந்தையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே குழந்தையைக் காணாமல் இருந்தேன் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வாளர்கள் இதை வெளியிலிருந்து அளந்திருக்கிறார்கள். மனச்சோர்வுள்ள தாய்மார்கள் குழந்தையின் ஒலிக்கு விடையளிக்கச் சராசரியாக அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தையோடு பேசும்போது பெரும்பாலான மொழித் தாய்மார்களிடமும் இயல்பாகவே வந்துவிடுகிற அந்த ஏற்ற இறக்கமான குரல் அவர்களிடம் தட்டையாகிவிடுகிறது. கண்ணோடு கண் பார்ப்பதும் தொட்டுக் கொஞ்சுவதும் குறைகின்றன. டிஃபனி ஃபீல்டு என்ற உளவியலாளர், மனச்சோர்வுள்ள தாய்மார்கள் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். ஒரு சாரார் ஒதுங்கிப் போகிறார்கள். பேச்சும் அசைவும் குறைந்து, குழந்தைக்கு எதிரே இருந்தும் இல்லாதவர்களாகிவிடுகிறார்கள். மற்றொரு சாராரோ மேலே விழுந்து செய்கிறார்கள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டாலும் விடாமல் தட்டுவது, முகத்தைப் பிடித்துத் திருப்புவது, கிலுகிலுப்பையை மூக்குக்கு நேரே ஆட்டுவது என்று போகிறார்கள். இந்த இரண்டாவது வகையை யாரும் மனச்சோர்வு என்று எண்ணுவதில்லை. ‘என்ன சுறுசுறுப்பான அம்மா’ என்றுதான் பார்ப்பார்கள்.

நான் பெரும்பாலும் முதல் வகை. ஆனால் சில மாலைகளில், பகல் முழுவதும் செய்யாததை அரை மணி நேரத்தில் ஈடுகட்டிவிட வேண்டும் என்ற பதைப்பில், இரண்டாவது வகையாகவும் இருந்திருக்கிறேன். பச்சைக் குழந்தைக்குத் தன்னைக் காத்துக்கொள்ள இருக்கும் முக்கியமான வழி, போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான்; சற்று ஓய்ந்துவிட்டுத் தானாகவே திரும்பி வரும். முகத்தை அப்படித் திருப்பிக்கொள்வதை நான், ‘இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்று படித்தேன். அப்படிப் படித்ததும் மனம் மேலும் சுருங்கும்; முகம் மேலும் இறுகும்; அதைப் பார்த்துக் குழந்தை மேலும் திரும்பிக்கொள்ளும். இந்தச் சுழலை யார் தொடங்கினார்கள் என்று கேட்பதில் பொருளில்லை. தொடங்கிய பிறகு இருவருமே அதில் சுற்றுகிறார்கள். இப்படிப்பட்ட குழந்தைகளில் பலர் மனச்சோர்வு இல்லாத வேறொரு பெண்ணோடு விளையாடும்போதும் அதே வாட்டத்தோடு இருந்ததை ஃபீல்டின் குழுவினர் 1988-இல் கண்டார்கள். வீட்டில் பழகிய உரையாடலின் முறையைக் குழந்தை வெளியேயும் எடுத்துச் செல்கிறது.

இந்தத் துறையில் மிகவும் பேசப்பட்ட சோதனையைச் செய்தவர் எட்வர்ட் டிரானிக். 1970-களின் நடுப்பகுதியில் தொடங்கி, 1978-இல் விரிவாக வெளியிடப்பட்டது. தாய் முதலில் குழந்தையோடு வழக்கம்போல் விளையாடுகிறாள். பிறகு சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல், பேசாமல், தொடாமல் குழந்தையைப் பார்த்தபடி இருக்கிறாள். பிறகு மறுபடி விளையாடுகிறாள். அசையாத அந்த முகத்தின் முன்னால் குழந்தை செய்வதைத்தான் பார்க்க வேண்டும். முதலில் சிரித்துக் கூப்பிடுகிறது. தாய் அசையவில்லை என்றதும் நிதானித்து உற்றுப் பார்க்கிறது. தனக்குத் தெரிந்த வித்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறது: ஒலி எழுப்புகிறது, கையை நீட்டுகிறது, மறுபடி சிரிக்கிறது. ஒன்றும் பலிக்கவில்லை என்றதும் முகத்தையும் உடம்பையும் திருப்பிக்கொண்டு சோர்ந்து போகிறது. 1983-இல் ஜெஃப்ரி கோனும் டிரானிக்கும் இன்னொரு படி போனார்கள். மூன்று மாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம், மூன்று நிமிடம் மட்டும் மனச்சோர்வு அடைந்தவர்களைப் போல நடந்துகொள்ளச் சொன்னார்கள். குழந்தைகள் எதிர்ப்புக் காட்டின, எச்சரிக்கையோடு பார்த்தன, விலகின. தாய் இயல்புக்குத் திரும்பிய பிறகும் உடனே பழைய நிலைக்கு வந்துவிடவில்லை.

இதை முதன்முதலில் படித்த இரவு நான் தூங்கவில்லை. கூப்பிடுதல், மறுபடி கூப்பிடுதல், குரல் சிறுத்தல், திரும்பிக்கொள்ளுதல் என்ற அதே வரிசை என் கைபேசியில் இருந்தது. பரிசோதனைக்காக யாரும் என்னை அப்படி இருக்கச் சொல்லவில்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு.

அரைகுறையாகப் படித்துவிட்டுத் தன்னைத்தானே தண்டித்துக்கொள்ளும் ஒரு தாய்க்காக இங்கே சிலவற்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தத் தாயாக நான் இருந்திருக்கிறேன். மனச்சோர்வுள்ள தாய்மார்களின் பிள்ளைகளிடம் பிற்காலத்தில் பற்றுறவிலும் (தன்னை வளர்ப்பவரை நம்பிக் குழந்தை கொள்ளும் நெருக்கம்) மொழி வளர்ச்சியிலும் உணர்ச்சிகளைக் கையாளும் திறனிலும் சிக்கல்கள் சற்று அதிகமாகக் காணப்படுகின்றன என்பது உண்மை. அதே ஆய்வுகள், அந்தத் தாய்மார்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள் என்பதையும் காட்டுகின்றன. நோய் எவ்வளவு கடுமையானது, எத்தனை மாதம் நீடித்தது, வீட்டில் வறுமையோ சண்டையோ உண்டா, குழந்தையோடு கொஞ்சிப் பேச வேறு யாரேனும் இருக்கிறார்களா என்பதையெல்லாம் பொறுத்துத்தான் விளைவு அமைகிறது. ‘வாய்ப்பு சற்று அதிகம்’ என்பதும் ‘உன் குழந்தைக்கு இப்படி ஆகும்’ என்பதும் ஒன்றல்ல.

‘வேறு யாரேனும்’ என்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. என் கணவரிடம் நான் வாசித்துக் காட்டிய முதல் ஆய்வும் அதுதான். பீட்டர் கேப்லன் குழுவினர், தாய் குழந்தையைக் கொஞ்சிப் பேசும் குரலைக் கேட்கவைத்த உடனே ஒரு முகத்தைக் காட்டி, இரண்டையும் குழந்தை தொடர்புபடுத்திக்கொள்கிறதா என்று சோதித்தார்கள். மனச்சோர்வுள்ள தாய்மார்களின் குழந்தைகள் தம் தாயின் குரலைக் கேட்டு அதைக் கற்றுக்கொள்ளவில்லை. அதே குழந்தைகள், மனச்சோர்வு இல்லாத முன்பின் அறியாத ஒரு பெண்ணின் குரலைக் கேட்டபோது கற்றுக்கொண்டார்கள். 2004-இல் வந்த அவர்களுடைய இன்னோர் ஆய்வில், முன்பின் அறியாத தந்தை ஒருவரின் கொஞ்சுகிற குரலும் அந்த வேலையைச் செய்தது. குழந்தைகளின் கற்கும் திறனில் குறையில்லை. அதை எழுப்புகிற ஒரு குரல் அவர்களுக்குத் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து கணவர் மாலையில் அலுவலகப் பையை வைத்ததும் முதலில் மகளுக்கு எதிரே போய் உட்காரத் தொடங்கினார். அவருக்குக் கொஞ்சிப் பேச வராது, வெட்கப்படுவார். அன்றைக்கு அலுவலகத்தில் நடந்ததையே இழுத்து இழுத்து அவளிடம் சொல்வார். அவள் அதைப் பெரிய செய்தி போலக் கேட்பாள். தந்தையரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் குழந்தை பிறப்பதை ஒட்டிய காலத்தில் மனச்சோர்வு வருகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவரும் களைத்திருக்கிறாரா என்று கேட்க எனக்கு வெகுநாள் தோன்றவே இல்லை.

எனக்கு நோய் இருப்பது தெரிந்தது ஐந்தாவது மாதத்தில்தான். அதற்கு முன்பே ஒரு மருத்துவரிடம், “குழந்தையைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை” என்று சொல்லியிருந்தேன். “முதல் குழந்தைக்கு எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், தூங்கினால் சரியாகிவிடும்” என்றார். பிரசவமான முதல் சில நாள்களில் காரணமில்லாமல் கண் கலங்குவதும் எரிச்சல் வருவதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு நேர்வது. அது இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதை மனத்தில் வைத்துத்தான் அவர் சொல்லியிருப்பார். ஆனால் எனக்கு அப்போது ஒன்பதாவது வாரம். இரண்டு வாரத்தைத் தாண்டியும் இருள் விலகவில்லை என்றால் அதற்குப் பெயர் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, அண்மையில் குழந்தை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுகிறது. வளரும் நாடுகளில் இது 20 விழுக்காட்டை நெருங்குகிறது.

தடுப்பூசிக்குப் போன வேறோர் இடத்தில் ஒரு நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். எடின்பரோ பேறுகால மனச்சோர்வு அளவுகோல் என்று அதற்குப் பெயர். 1987-இல் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகாவ்ஸ்கி ஆகிய மூவர் வெளியிட்டது. கடந்த ஏழு நாள்களைப் பற்றிய பத்தே கேள்விகள். மொத்தம் 30 மதிப்பெண். “அவசரமில்லை, யோசித்துப் போடுங்கள்” என்று சொல்லிவிட்டுக் குழந்தையை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். பத்தாவது கேள்வி, தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. பேனா அங்கே நின்றுவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் உண்மையை எழுதினேன். அந்த அளவுகோல் நோயை முடிவு செய்வதில்லை, மேலும் பார்க்க வேண்டியவர் யார் என்று காட்டுகிறது. மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் அந்தப் பத்தாவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற திசையில் விடை வந்தால் அதைத் தனியாகக் கவனித்தே ஆக வேண்டும். அன்றே என்னை மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தாலும், இல்லாத குரல் கேட்டாலும், தூக்கமே இல்லாமல் எண்ணங்கள் தறிகெட்டு ஓடினாலும், மறுநாளுக்குத் தள்ளாமல் அந்த நாளிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரசவித்தவர்களில் ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரும் மனப்பிறழ்வு மிக விரைவாக முற்றக்கூடியது. சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவதும்கூட.

சிகிச்சையைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. எனக்கு மருந்தும் கொடுத்தார்கள், பேச்சுவழிச் சிகிச்சையும் கொடுத்தார்கள். தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கும் மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரோடு கலந்து முடிவு செய்ய வேண்டியது அது. மருந்துக்குப் பயந்து நோயை வைத்துக்கொண்டிருப்பதும் குழந்தையைப் பாதிக்கிற முடிவுதான் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆறு வாரத்தில் என் தூக்கம் திரும்பியது, பசி திரும்பியது. குழந்தைக்கும் எனக்கும் இடையே இருந்த மௌனம் மட்டும் அப்படியே இருந்தது. நான் குணமாகிவிட்டால் அதுவும் தானாகவே சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகாமல் போவது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பேச்சுவழிச் சிகிச்சையால் தாய்மார்களின் சோர்வு குறைந்தும், ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களுடைய குழந்தைகளின் பற்றுறவில் அதற்கேற்ற முன்னேற்றம் தெரியவில்லை. தாய்க்கு உடம்பும் மனமும் தேறுவது ஒரு வேலை. இருவருக்கும் இடையே விட்டுப்போன பழக்கத்தை மீண்டும் கட்டுவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையைப் பெரும்பாலான இடங்களில் யாரும் தம் வேலையாக எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை இருக்கும் ஆதங்கம். தென்னாப்பிரிக்காவின் கயலீட்சா குடியிருப்பில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடு தேடிப் போய்த் தாய்மார்களோடு உட்கார்ந்து, அவரவர் குழந்தை என்ன சொல்கிறது என்று சேர்ந்து பார்த்தார்கள். தாய்மார்கள் குழந்தையிடம் காட்டும் கவனமும், பிள்ளைகளின் பற்றுறவும் மேம்பட்டதை 2009-இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. பெரிய கருவிகள் ஏதும் அதற்குத் தேவைப்படவில்லை.

எனக்கு இந்த இரண்டாவது வேலையில் கைகொடுத்தவர் ஓர் ஆலோசகர். தாயும் குழந்தையும் விளையாடுவதைப் படம் எடுத்து, பிறகு தாயோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பது அவருடைய முறை. இந்த முறையை மற்றொன்றோடு ஒப்பிட்டு 2018-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், இரு பிரிவுத் தாய்மார்களுக்கும் மனச்சோர்வுக்கான சிகிச்சையும் சேர்த்தே தரப்பட்டது. இரண்டு வயதில் இரு பிரிவுக் குழந்தைகளின் வளர்ச்சியும் இயல்பான அளவுக்குள் இருந்தது. ஆகவே இந்த முறை ஒன்றுதான் வழி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. எனக்கு இது வழி திறந்தது.

முதல் நாளே அவர் சொன்ன ஒன்றை நான் நம்பவில்லை. மனச்சோர்வு எதுவும் இல்லாத தாயும் குழந்தையும்கூட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒருவரோடு ஒருவர் ஒத்துப் போகிறார்கள் என்றார். மீதி நேரமெல்லாம் தவறிப்போன பார்வை, தாமதமான பதில், பசி என்று நினைத்தால் தூக்கம். நான் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்; அசையாத முகச் சோதனையைச் செய்த அதே டிரானிக்கும் கோனும் 1989-இல் அளந்து எழுதியதுதான் அது. என் குற்றவுணர்வு முழுவதும், நல்ல தாய் என்பவள் ஒருமுறையும் தவறவிடாதவள் என்ற கணக்கின்மேல் நின்றிருந்தது. அந்தக் கணக்கே பிழை. தவறிப்போவதும், தவறிய இரண்டொரு விநாடிக்குள் யாராவது ஒருவர் கையை நீட்டிச் சரிசெய்துகொள்வதும், மறுபடி தவறுவதும்தான் அந்த உரையாடலின் இயல்பான ஓட்டம். ‘அம்மா போய்விட்டாலும் திரும்பி வருவாள், நான் கூப்பிட்டால் வருவாள்’ என்பதைக் குழந்தை அந்தச் சரிசெய்தலில்தான் கற்றுக்கொள்கிறது. மனச்சோர்வு தவறுகளை அதிகமாக்குகிறது என்பதைவிட, அவற்றைச் சரிசெய்யும் அந்தத் திரும்பலைத்தான் முக்கியமாகக் களவாடுகிறது என்று நான் இப்போது நினைக்கிறேன்.

அவர் கொடுத்த பயிற்சி மிகச் சிறியது. ஒரு நாளில் உடை மாற்றும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மகள் ஒன்றைச் செய்யும்வரை நான் எதுவும் செய்யக் கூடாது; அவள் செய்ததும் அதையே திருப்பிச் செய்ய வேண்டும். அவள் நாக்கை நீட்டினால் நானும் நீட்ட வேண்டும். ‘ங்ஊ’ என்றால் ‘ங்ஊ’ என்று நானும் சொல்ல வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அழைக்காமல், தொடாமல், அவள் திரும்பி வரும்வரை மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். முதல் நாள் ஒன்பது வரை எண்ணினேன். அந்த ஒன்பதும் எனக்கு ஒரு யுகமாக இருந்தது. பத்துக்கு முன்னால் அவள் திரும்பினாள். மகிழ்ச்சி பொங்கியது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அன்றைக்கு எனக்குத் தோன்றியது வியப்பு மட்டும்தான். யாரும் கூப்பிடாமல், தானாகவே, என்னைப் பார்க்க அவள் திரும்பி வந்திருந்தாள்.

நான்காவது சந்திப்பில் அந்த 47 விநாடிக் காணொளியை அவரிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு அவர் என்ன சொல்வார் என்பதை நானே பலமுறை எனக்குச் சொல்லி முடித்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். முதல் ‘ங்ஊ’, இரண்டாவது ‘ங்ஊ’, மூன்றாவது. மகள் சன்னல் பக்கம் திரும்பினாள். “என்னம்மா?” என்ற என் குரல் வந்தது. நிறுத்துவதற்காக என் கை தானாகவே நீண்டது. “இன்னும் இருக்கிறதே” என்றார்.

இன்னும் பன்னிரண்டு விநாடி இருந்தது. நான் ஒருமுறையும் பார்த்திராத பன்னிரண்டு விநாடி. அதில் நான் கடைசிப் பொத்தானைப் போட்டு முடிக்கிறேன். வலது கையால் துணியை எடுக்கிறேன். இடது கை, நான் அறியாமலே, மகளின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருக்கிறது. அவள் கால்விரல்களைச் சுருட்டி என் கட்டைவிரலை அழுத்துகிறாள். என் கட்டைவிரல் அசைந்து, அவளுடைய பாதத்தை ஒருமுறை தடவிக்கொடுக்கிறது. சன்னல் பக்கம் இருந்த தலை மெல்லத் திரும்புகிறது. கண்கள் என் முகத்தைத் தேடி வருகின்றன. நான் துணியை மடித்துக்கொண்டிருக்கிறேன். காணொளி அங்கே முடிகிறது.

ஆலோசகர் அதைப் பின்னால் ஓட்டி, கட்டைவிரல் அசையும் இடத்தில் நிறுத்தினார். “இது யாருடைய கை?” என்று கேட்டார்.

“என்னுடையது” என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. என் மடியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், என் குரல் கேட்டதும் அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னாள். நான் குனிந்து அதையே திருப்பிச் சொன்னேன்.